பின் தையலில் மூன்று கோடுகள்

அத்தியாயம் 9

கிரேன்காரர் கண்ணாடி முன்னால் நின்று மூச்சை உள்ளே இழுத்தார். பேன்ட்டின் பட்டன் காஜாவுக்குள் போக மறுத்தது. வயிற்றை இன்னும் கொஞ்சம் எக்கினார். போனது.

"என்ன இது, இந்த இறுக்கு இறுக்குது?"

"புதுத் தையல் அப்படித்தான் இருக்கும். நாலு தடவை உட்கார்ந்து எழுந்தா இளகிடும்," என்றாள் மனைவி.

தெருவில் எல்லோருக்கும் அவள் டேப் அக்கா. வீட்டின் முன் அறையில் தையல் மிஷின் போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அளக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டாள் என்பது அவளுடைய பெருமை.

அந்தப் பெருமையை நேற்று ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்திருந்தாள். கணவருக்குத் தெரியாமல் அவருடைய யூனிஃபார்ம் பேன்ட்டை இடுப்பில் இரண்டு அங்குலம் பிடித்துவிட்டாள். அளக்கவில்லை. அளந்தால் அவருக்குத் தெரிந்துவிடும், ஆச்சரியம் போய்விடும். எதற்கு அளக்க வேண்டும்? போனில்தான் அத்தனையும் இருக்கிறதே. எட்டு வாரத்தில் ஆறரை கிலோ. ஆறரை கிலோ இறங்கிய மனுஷனுக்கு இடுப்பு இரண்டு அங்குலம் இறங்காதா?

இன்று காலை ஒன்பது மணிக்குக் கம்பெனியில் எடை பார்க்கிறார்கள். கிரேன் ஏணியில் ஏறும்போது மாட்டிக்கொள்ளும் பெல்ட் நூறு கிலோ வரைக்கும்தான் தாங்கும் என்று புது உத்தரவு. நூறைத் தாண்டியவர்கள் கீழே இறங்கிக் கொடி அசைக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரும்பைத் தூக்கியவர் அவர். "கீழ நின்னு கொடி ஆட்டுறதுக்கு நான் வீட்லயே உட்கார்ந்து பட்டன் தைப்பேன்" என்று அன்றைக்குச் சொன்னவர், அதன் பிறகு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

அப்புறம்தான் மகள் அந்த ஆப்பைக் கொண்டுவந்தாள். கூடவே போனோடு பேசும் எடை மிஷின் ஒன்றையும் வாங்கிக் குளியலறை வாசலில் போட்டாள். அன்றிலிருந்து வீட்டில் தட்டு வைத்ததும் கை கழுவுவதற்கு முன்னால் போட்டோதான். கிரேன்காரரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் ஆப் இருந்ததெல்லாம் அம்மா போனிலும் மகள் போனிலும்தான். எடை மிஷினில் அவர் ஏறுவார், இறங்குவார், அவ்வளவுதான். "குனிஞ்சா எனக்கு என் காலே தெரியாது. நம்பர் எங்க தெரியும்? நீங்களே பாருங்க."

"அப்பா!" மகள் சாப்பாட்டு மேஜையிலிருந்து கத்தினாள். பல் செட் செய்யும் லேபில் வேலை. இரண்டாயிரம் பேருடைய பல்லைப் பார்த்தவள் என்பதால் சிரிப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு! ஒன்றரை கிலோ மிச்சம் வச்சுட்டே ஜெயிச்சுட்டீங்க!"

போன் திரையில் பச்சை இலை ஒன்று கை தட்டியது. கலர் காகிதங்கள் கொட்டின.

கிரேன்காரர் அவித்த முட்டையின் வெள்ளைக்கருவை விழுங்கிவிட்டு மெதுவாகக் கேட்டார். "அப்போ சாயந்திரம் ஒரு பன் சாப்பிடலாமா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில் குளியலறைக் கதவு திறந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தான் குட்டி. சிரிப்பு நின்றுவிட்டது.

பேர்தான் குட்டி. கிரேன்காரரின் தம்பி, பேக்கரியில் அடுப்பு வேலை. விடிந்ததும் வீடு வந்து, குளித்துவிட்டு, மாடி அறையில் போய்ப் படுத்துவிடுவான். தினமும் அவன் கையோடு வரும் சூடான பன் பொட்டலம்தான் இந்த வீட்டுக்குச் சேவல். அந்தப் பொட்டலம் கடைசியாக வந்து ஒன்பது நாள் ஆகிறது.

போன வாரத்துக்கு முந்தைய ஞாயிறு நடந்தது அது. குட்டி ஏதோ பெரிய ஆர்டருக்காகப் பேக்கரியிலேயே தங்கிவிட்டான். அன்று காலை ஆப் திடீரென்று நூற்று மூன்று என்று காட்டியது. ஒரே நாளில் நாலு கிலோ! "நீர்ச்சத்து மாற்றமாக இருக்கலாம், கவலை வேண்டாம்" என்றது பச்சை இலை. கிரேன்காரர் நம்பவில்லை. சனிக்கிழமை தின்ற இரண்டு பன்தான் காரணம் என்று முடிவு கட்டினார். தம்பி வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, "எனக்கு வேலை போகணும்னே கொண்டு வர்றியாடா?" என்று கேட்டுவிட்டார். திங்கட்கிழமை எடை பழையபடி இறங்கிவிட்டது. கேட்ட வார்த்தை இறங்கவில்லை.

"குட்டி, ரெண்டு எடுத்துக்கறியா, முட்டை இருக்கு," என்றாள் டேப் அக்கா.

"வேணாம் அண்ணி. தண்ணி மட்டும் கொடுங்க."

செம்பை நீட்டினாள். நின்றபடியே குடித்து முடித்தான். மறுபடி நீட்டினான். அதையும் குடித்தான். அண்ணன் பக்கம் திரும்பாமலே, "இன்னைக்குத்தானே எடை? நல்லபடியா வரும்" என்று சுவரிடம் சொல்லிவிட்டு மாடி ஏறினான். ஏறும்போது நடுப்படியில் ஒரு நிமிஷம் நின்றான்.

"செவுத்துக்கு நன்றி சொல்லிடு பாப்பா," என்றார் கிரேன்காரர்.

*

பத்தேகாலுக்கு போன் அடித்தது.

"நூத்தி மூணு புள்ளி ரெண்டு."

டேப் அக்காவின் கால் மிஷின் பெடலிலேயே உறைந்தது. "என்னங்க சொல்றீங்க?"

"உன் காதுல சரியாத்தான் விழுந்துச்சு. மூணு தடவை ஏறச் சொன்னாங்க. மூணு தடவையும் அதேதான். அதுல முதல் தடவை ஏறும்போதே பட்டன் தெறிச்சு மேனேஜர் மேஜைல போய் விழுந்துச்சு. அவரே எடுத்துக் கொடுத்தாரு."

"ஐயோ..."

"ஐயோவெல்லாம் அப்புறம். ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. நம்பரை நீ மாத்தினியா?"

"நானா?"

"வறுத்த முந்திரியை வெள்ளரிக்காய்னு போட்டவதானே நீ?"

அவளுக்கு முகம் சுட்டது. மூன்றாவது வாரம் அது. ஆசைப்பட்டு ஒரு கைப்பிடி தின்றுவிட்டுக் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆப்பில் வெள்ளரிக்காய் என்று போட்டாள். இரண்டு நாளில் அவளே ஒப்புக்கொண்டும்விட்டாள். அந்த ஒரு பொய் இப்போது எழுந்து வந்து எதிரில் நிற்கிறது.

"அது வேற. எடையில நான் கையே வைக்கலங்க. சத்தியமா."

எதிர்முனையில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வழக்கமாகப் பேசும் உயரத்துக் காற்று இல்லை. தரையில் லாரி போகும் காற்று.

"பத்து நாள் கொடுத்திருக்காங்க. அதுவரைக்கும் கொடி," என்றார். போனை வைத்துவிட்டார்.

*

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். பேன்ட் இடுப்பில் சணல் கயிறு. அம்மா போனில் சொன்னதைக் கேட்டுப் பதறி மகளும் லேபில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் குளியலறை வாசலுக்குப் போய் எடை மிஷின் மேல் ஏறினார்.

"படி."

மகள் குனிந்தாள். "நூத்தி மூணு... புள்ளி ஒண்ணு."

"அப்போ மிஷின் சரி. கம்பெனி மிஷினும் சரி. உங்க போன்தான் பொய் சொல்லுது. போன் தானா பொய் சொல்லாது. யாரோ சொல்ல வச்சிருக்கீங்க."

"அப்பா, அம்மாவைச் சந்தேகப்படாதீங்க. இருங்க, பார்க்கறேன்." மகளின் கட்டைவிரல் திரையில் ஓடியது. எங்கெங்கோ போய், யாரும் இதுவரை தொடாத ஒரு மூலையைத் தொட்டாள். தேதிகள் வரிசையாக விரிந்தன. ஒவ்வொரு தேதிக்கும் கீழே காலை நேரத்தில் ஒன்றல்ல, இரண்டு வரி.

"அம்மா. இங்க வாயேன்."

டேப் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

*காலை 5.32 - 103.2. காலை 6.34 - 98.4.*

நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும் அப்படித்தான்.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறினா கடைசி நம்பரைத்தான் முன்னாடி காட்டுமாம்," என்றாள் மகள். குரல் இறங்கிப் போயிருந்தது. "யார் நிக்கறாங்கன்னு மிஷினுக்குத் தெரியாதும்மா. எடையைப் பார்த்துக் கிட்டத்தட்ட யாரோ அவங்க பேர்ல போட்டுடும். நீ அறுபத்தாறு. நான் அம்பத்திநாலு. மீதி எல்லாம் அப்பா."

"நான் அஞ்சரைக்கு ஏறிட்டு நடக்கப் போயிடுவேன்," என்றார் கிரேன்காரர். "ஆறரைக்கு இந்த வாசல்ல யார் இருப்பா?"

எல்லோருக்கும் தெரியும். ஆறரைக்கு இந்த வாசலில் நிற்பது ஒரே ஆள்தான்.

கிரேன்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. "பழி வாங்கிட்டான். ஒரு வார்த்தை சொன்னதுக்கு எட்டு வாரமா என்னை வச்சு விளையாடியிருக்கான்!"

"என்னங்க, சண்டை போட்டு ஒன்பது நாள்தானே ஆச்சு? இது முதல் வாரத்துல இருந்தே..."

அவர் கேட்கவில்லை. மாடிப்படி அவர் காலுக்கடியில் அதிர்ந்தது.

டேப் அக்கா பின்னாலேயே ஓட நினைத்தாள். அதற்குள் ஒன்று கண்ணில் பட்டது. முன் அறையில், மிஷினுக்குப் பக்கத்தில், தைக்க வேண்டிய துணிக் குவியலின் மேல் ஒரு பேன்ட் கிடந்தது. குட்டியுடையது. நேற்றுக் கொடுத்தான். "பேக்கரிச் சூட்டுல துணி இளகிடுது அண்ணி. நான் பின் குத்தின இடத்துல பிடிச்சு விடுங்களேன்."

போன மாதமும் அதையேதான் சொன்னான். அதற்கு முன்னாலும்.

பேன்ட்டை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். பின் தையலை வெளிச்சத்தில் பிடித்தாள். பழைய தையல் இருந்த இடத்துக்கு உள்ளே, முதல் தடவை பிடித்துப் பிரித்த ஊசித் துளைகள் ஒரு கோடாக இறங்கின. அதற்கு உள்ளே இன்னொரு கோடு. அதற்கும் உள்ளே, நேற்று அவளே சாக்பீஸால் போட்ட மூன்றாவது கோடு, இன்னும் தைக்காதது.

பழைய தையலிலிருந்து ஒவ்வொரு கோடாக டேப்பை வைத்தாள். மூன்றையும் கூட்டினால் மூன்றரை அங்குலம்.

எந்தச் சூட்டுக்கும் துணி மூன்றரை அங்குலம் இளகாது. இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். பதினெட்டு வருஷமாகத் தெரியும். ஆனால் பிடித்துத் தைத்த இரண்டு தடவையும் அவள் கண் துணியில் இருந்தது, மனசு போனில் இருந்தது. கணவர் எத்தனை கிராம் இறங்கினார் என்று பச்சை இலை சொல்லுமா என்று.

மிஷின் வந்த முதல் நாள் வேடிக்கைக்காக எல்லோரும் ஏறினார்கள். அண்ணனுக்கு நூற்று ஐந்து. தம்பிக்கு நூற்று நாலு புள்ளி ஆறு. "அண்ணனைவிட நானூறு கிராம் மரியாதை கொடுத்திருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தான் குட்டி. "என்னை இதுல சேர்க்காதே பாப்பா, நான் பன்னோட வாழறவன்" என்றான்.

எட்டு வாரமாக இந்த வீடு கை தட்டியது அவன் இறங்குவதற்கு.

*

"எழுந்து நில்லுடா! யாரைக் கேட்டு ஏறின?"

அவள் மாடிக்கு வந்தபோது குட்டி கட்டிலில் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தலைமாட்டில் காலித் தண்ணீர் பாட்டில்கள் ஐந்து. அண்ணன் எதிரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"மேனேஜர் முன்னாடி என் பட்டன் தெறிச்சுது. இப்ப உனக்குக் குளுகுளுன்னு இருக்கா?"

"எனக்குத் தெரியாதுண்ணே. அது உங்க கணக்குல ஏறும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் சும்மா..."

"தினமும் சும்மாவா? ஒரு நாள் விடாம சும்மாவா?"

டேப் அக்கா இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். கழுத்திலிருந்த டேப்பை உருவினாள்.

"கையைத் தூக்கு குட்டி."

"அண்ணி, வேணாம்."

"தூக்குன்னா தூக்கு."

சட்டை மேல் டேப்பைச் சுற்றினாள். துணிக்கு உள்ளே அவள் எதிர்பார்த்த இடத்தில் உடம்பு இல்லை. இன்னும் உள்ளே போக வேண்டியிருந்தது. டேப் நின்ற எண்ணைக் கட்டைவிரலால் பிடித்து, கணவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். மற்ற கையில் பேன்ட்டின் மூன்று கோடுகள் இருந்தன.

கிரேன்காரர் டேப்பைப் பார்த்தார். பேன்ட்டைப் பார்த்தார். தம்பியை, ஒன்பது நாளுக்கு அப்புறம், முகத்தில் பார்த்தார். கன்னம் எப்போது உள்ளே போனது?

"நீ ஏதாவது... சாப்பாட்டைக் குறைச்சியாடா?"

"குறைக்கலண்ணே. முன்னைவிட ஜாஸ்தி சாப்பிடறேன். ஆனா நிக்க மாட்டேங்குது." குட்டி சிரிக்கப் பார்த்தான். வாய் மட்டும் அசைந்தது. "முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நீங்க கஷ்டப்பட்டு இறக்கறீங்க, எனக்குச் சும்மாவே இறங்குதேன்னு. அப்புறம் பயம் வந்துடுச்சு. இன்னைக்காவது நின்னிருக்குமான்னு பார்க்கத்தான் தினமும் ஏறினேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்களுக்கு இந்த எடை முடியட்டும்னு இருந்தேன். வீட்ல ஒரு நேரத்துல ஒருத்தரைப் பத்திப் பேசினாப் போதாதா?"

வாசலில் நின்றிருந்த மகள் மூக்கை உறிஞ்சினாள். அவள் போனில் எண்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆறரை மணி எண்களையெல்லாம் சித்தப்பா பேருக்கு மாற்றினாள். அப்பாவின் கோடு மேலே ஏறி, கிட்டத்தட்டச் சமமாகப் படுத்துக்கொண்டது. சித்தப்பாவின் கோடு படி படியாகக் கீழே இறங்கியது.

அதைப் பார்த்ததும் பச்சை இலைக்கு உற்சாகம் தாங்கவில்லை. *வாழ்த்துகள்! அற்புதமான முன்னேற்றம்!* என்று கலர் காகிதங்களைக் கொட்டியது.

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"சட்டையை மாத்துடா," என்றார் கிரேன்காரர். "டாக்டர்கிட்டப் போறோம்."

"நாளைக்குப் போலாம்ணே. நீங்க இன்னைக்கு இருக்கிற இருப்புல..."

"என் இருப்பை நான் பார்த்துக்கறேன். நடக்க முடியுதா, தூக்கட்டுமா?"

*

நாலு மணிக்கே கிளினிக்கில் கூட்டம். அரை மணி காத்திருந்ததில் குட்டி இரண்டு தடவை தண்ணீர் குடித்தான், இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போனான். டேப் அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். இந்த எண்ணிக்கையை இத்தனை வாரம் எங்கே வைத்திருந்தோம் என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது. கிரேன்காரர் சணல் கயிற்றோடு சுவரில் சாய்ந்து நின்றார். அவருக்கு அது மறந்தே போயிருந்தது.

உள்ளே கூப்பிட்டதும் நர்ஸ் முதலில் எடை மிஷினைக் காட்டினாள். குட்டி ஏறினான்.

"தொண்ணூத்தெட்டு. ரெண்டு மாசம் முன்னாடி எவ்வளவு இருந்தீங்க?"

குட்டி தரையைப் பார்த்தான்.

"நூத்தி நாலு புள்ளி ஆறு," என்றார் கிரேன்காரர்.

டேப் அக்கா திரும்பிப் பார்த்தாள். தன் எடையைக்கூட ஒரு நாளும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத மனுஷன்.

"ஆறு கிலோவா? டயட்டா?"

"இல்லம்மா. அது நான்."

நர்ஸ் அதற்கு மேல் கேட்கவில்லை. "தாகம் ஜாஸ்தியா இருக்கா? ராத்திரி எழுந்து போறீங்களா?" என்று குட்டியிடம் கேட்டாள். அவன் தலையாட்டுவதற்கு முன்னாலேயே அவன் விரலைப் பிடித்துத் துடைத்தாள். சின்ன ஊசி. ஒரு சொட்டு ரத்தம். கைக்குள் அடங்கும் கருவி ஒன்றில் அந்தச் சொட்டை வைத்தாள்.

கருவி நொடிகளை எண்ணியது. ஐந்து, நாலு, மூன்று. நாலு பேரும் அதையே பார்த்தார்கள். காலையிலிருந்து எத்தனையோ எண்களைப் பார்த்த கண்கள். இன்னும் ஒன்றுதானே என்று டேப் அக்கா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

கருவி பீப் என்றது.

நர்ஸின் புருவம் நெளிந்தது. வேறு பட்டை எடுத்து, வேறு விரலில் குத்தி, மறுபடி வைத்தாள். மறுபடி பீப்.

"எவ்வளவும்மா?" என்றார் கிரேன்காரர்.

"நம்பர் வரல சார்."

"மிஷின் ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல. இதால ஒரு அளவு வரைக்கும்தான் சர்க்கரையைக் காட்ட முடியும்." குரலை அமைதியாக வைத்துக்கொள்ள அவள் முயற்சி செய்தது எல்லோருக்கும் தெரிந்தது. "அதுக்கும் மேல போயிட்டா நம்பர் வராது."

குட்டியின் தோளை மெல்ல அழுத்திப் படுக்கையில் சாய்த்தாள். "அப்படியே படுங்க. எழுந்திருக்கக் கூடாது."

செருப்புச் சத்தம் கேட்க நர்ஸ் நடந்து ஒருவரும் பார்த்ததில்லை. இப்போது டாக்டர் அறையை நோக்கி அவள் ஓடினாள்.

கிரேன்காரர் குனிந்து தம்பியின் கையைப் பிடித்தார். டன் கணக்கில் இரும்பைத் தூக்கிப் பழகிய கை. அதற்குள் இருந்த கை, தூக்க ஒன்றுமே இல்லாத மாதிரி லேசாக இருந்தது.

"அண்ணே," என்றான் குட்டி, கண்ணை மூடியபடி. "தண்ணி வேணும்."